ஒரே நெருப்பில் பிறந்த தீவுகள்: ரீயூனியன், மொரீசியஸ், மாலத்தீவு

இந்தியப் பெருங்கடலுக்கு விடுமுறைப் பயணம் செல்ல விரும்புவோருக்கு ரீயூனியனும் மொரீசியசும் மாலத்தீவும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று இடங்களாகவே அறிமுகமாகின்றன. முதலாவது, 3,000 மீட்டருக்கு மேல் எழுந்த மலையும் அடிக்கடி நெருப்பைக் கக்கும் எரிமலையும் கொண்டு, நல்ல கடற்கரை குறைந்த தீவு. இரண்டாவது, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கூர்ங்குன்றுகள் நிற்க, கரையைச் சுற்றி அலையடங்கிய கடல் படர்ந்திருக்கும் தீவு. மூன்றாவது, மலை என்று சொல்ல ஏதுமின்றிக் கடல்மட்டத்துக்குச் சற்றே மேல் வெண்மணல் திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம். ஆனால் புவியியலாளரின் கணக்கில் இம்மூன்றும், ஆழத்தில் பல கோடி ஆண்டுகளாக எரிந்துவரும் ஒரே நெருப்பிலிருந்து வெவ்வேறு காலங்களில் பிறந்தவை. இவற்றின் தோற்ற வேறுபாடு பெரும்பாலும் வயது வேறுபாடே. இந்த உறவு விளங்கிவிட்டால், எந்தத் தீவில் மலையேறலாம், எதில் அச்சமின்றி நீந்தலாம், எந்தக் கரையில் விடுதி எடுக்கலாம், எந்த அழகு எளிதில் அழியக்கூடியது என்னும் கேள்விகளுக்கும் விடை கிடைக்கத் தொடங்கும்.

தக்காணத்தில் தொடங்கிய தடம்

பூமியின் மேலோடு ஒரே பாளமாக இல்லாமல் பல துண்டுகளாகப் பிரிந்து, அத்துண்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கின்றன; இவற்றைப் புவித்தட்டுகள் என்பர். தட்டுகளுக்குக் கீழே சில இடங்களில் மட்டும் வழக்கத்தை மிஞ்சிய வெப்பம் ஆழத்திலிருந்து மேலெழுந்து பாறையை உருக்குகிறது. அவ்விடத்துக்கு வெப்பப்புள்ளி என்று பெயர். வெப்பப்புள்ளி அதிகம் இடம்பெயராமல் இருக்க, அதன்மேல் தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால், விளக்குச் சுடருக்கு மேல் மெல்ல இழுக்கப்படும் தாளில் கருகல் வரிசையாக விழுவதுபோல, தட்டின்மீது எரிமலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. சுடரின் நேர்மேலே இருக்கும் எரிமலை உயிர்ப்புடன் விளங்கும். விலகிச் சென்றவை அணைந்து, குளிர்ந்து, தேயத் தொடங்கும்.

இன்று ரீயூனியனுக்குக் கீழே இருக்கும் வெப்பப்புள்ளியின் முதற்பெரும் விளைவு நம் தக்காணப் பீடபூமி என்பதே புவியியலாளர் பலரின் முடிவு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அதன்மேல் கடந்து சென்றபோது பீறிட்ட எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காக உறைந்தது. இன்றைக்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கும் அந்தப் பசால்ட் என்னும் கரிய எரிமலைப்பாறையில்தான் அஜந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பட்டன. இந்தியா வடக்கு நோக்கி விலகிச் செல்ல, அதன் பின்னால் கடலடியில் ஒரு நீண்ட மலைத்தொடர் உருவானது. இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவை அதன் உச்சிகளில் அமைந்தவை. பின்னர்ப் புதிய கடலடி பிறக்கும் பிளவு ஒன்று வெப்பப்புள்ளியைக் கடந்து இடம்மாறியதால், தடம் இந்தியத் தட்டில் அறுந்து ஆப்பிரிக்கத் தட்டில் தொடர்ந்தது. அத்தொடர்ச்சியில் பிந்திப் பிறந்தவையே மொரீசியசும் ரீயூனியனும்.

1987-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்னும் ஆய்வுக்கப்பல் இத்தடத்தின் பல இடங்களில் கடலடியைத் துளைத்து எடுத்த பாறைகள், தெற்கே செல்லச்செல்ல வயது குறைந்துகொண்டே வருவதைக் காட்டின. மாலத்தீவின் அடித்தளப் பசால்ட்டுக்கு 5.5 கோடி ஆண்டுகளுக்கு மேலும், மொரீசியசின் மிகப் பழைய எரிமலைப்பாறைகளுக்கு 80 முதல் 90 லட்சம் ஆண்டுகளும் வயது கணிக்கப்படுகிறது. ரீயூனியன் கடலுக்கு மேல் தலைகாட்டி 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளே ஆகியிருக்கும். இதே கடலில் இருந்தாலும் சேஷெல்சின் மாஹே, பிராலின், லா டீக் போன்ற உள்தீவுகள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பயணப் படங்களில் வெண்மணலுக்கு அருகே உருண்டு திரண்டு நிற்கும் அவற்றின் பாறைகள், கண்டங்கள் பிரிந்தபோது கடல் நடுவே விடப்பட்ட துண்டைச் சேர்ந்த, 70 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கிரானைட் கற்கள்.

ரீயூனியன்: வளர்ந்துகொண்டிருக்கும் மலை

பிரான்சின் கடல்கடந்த மாவட்டமாக 1946 முதல் ஆளப்பட்டு, யூரோவையே நாணயமாகக் கொண்டிருக்கும் ரீயூனியன், சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவுதான். எனினும் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமான சிகரமாகிய பித்தோன் தே நேஜ் (3,071 மீட்டர்) இங்குதான் இருக்கிறது. தென்கிழக்கில் உள்ள பித்தோன் தெ லா ஃபுர்நேஸ் உலகில் மிக அதிகம் பொங்கும் எரிமலைகளுள் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டு முதல் அது 150-க்கும் மேற்பட்ட முறை பொங்கியது பதிவாகியுள்ளது. இங்கு வெளிப்படும் குழம்பு நீர்த்தன்மை மிகுந்தது என்பதால் பெரும்பாலும் வெடித்துச் சிதறாமல் ஓடையாக வழிகிறது. அதுவும் பெரும்பாலும் மனிதர் குடியில்லாத பெரும்பள்ளம் ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனவே, அதிகாரிகள் அனுமதிக்கும் நாட்களில் மக்கள் பாதுகாப்பான தொலைவிலிருந்து எரிமலை பொங்குவதைப் பார்க்க முடிகிறது. 1977-இல் குழம்பு அப்பள்ளத்தைத் தாண்டிப் பித்தோன் சாந்த்-ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்தபோது, மாதா கோவில் ஒன்றின் வாசல்வரை வந்து, சுவரைச் சுற்றி விலகி உறைந்துபோயிற்று. எரிமலைக்கான நிலையான கண்காணிப்பு நிலையம் அதன் பிறகே, 1979-இல், அமைக்கப்பட்டது. 2007-இல் குழம்பு கடலில் கலந்து தீவின் பரப்பைச் சற்றே கூட்டியதுடன், சிகரத்தின் வாய் 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது.

அணைந்துவிட்ட பித்தோன் தே நேஜைச் சுற்றி மூன்று பக்கமும் சிர்க் எனப்படும் வட்டப் பெரும்பள்ளத்தாக்குகள் உள்ளன. எரிமலையின் உடல் சரிந்தும் மழையால் அரிக்கப்பட்டும் உருவானவை அவை. சிலாவோசும் சலாசியும் வளைவு மிகுந்த சாலைகளால் இணைக்கப்பட்டிருக்க, மூன்றாவதாகிய மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. அங்கு வாழும் சில நூறு பேருக்கும் பயணிகளுக்கும் நடைபாதையும் ஹெலிகாப்டருமே வழி. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடமும் இதுவே. இந்தச் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் செங்குத்துச் சுவர்களும் 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இத்தகைய அரிப்புக்கு வேண்டிய மழைக்கு அங்கே குறைவில்லை. உயர்ந்த மலை கடற்காற்றை மேலே தள்ளிக் குளிரச் செய்வதால், புயல் கடக்கும்போது மழை கொட்டித் தீர்த்துவிடுகிறது; 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் பதிவான 1,825 மில்லிமீட்டர் மழை உலகச் சாதனை, அதாவது சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம். மலையிலிருந்து இறங்கும் நன்னீரும் சேறும் பவளத்துக்கு ஆகாதவை என்பதாலும், கடலடி கரையை ஒட்டியே செங்குத்தாக ஆழ்ந்துவிடுவதாலும், இளந்தீவுக்கு அகன்ற பவள வேலி இன்னும் வாய்க்கவில்லை. மேற்குக் கரையில் மட்டும் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு இருக்கிறது. லெர்மிதாஜ் போன்ற நீந்தும் கடற்கரைகள் அதன் மறைவில் அமைந்தவை. சுறாத் தாக்குதல்களில் உயிரிழப்புகள் நேர்ந்தபின், பவளத்திட்டால் காக்கப்பட்ட நீரிலும் கண்காணிப்புள்ள பகுதிகளிலும் தவிர மற்ற இடங்களில் குளிப்பதும் அலைச்சறுக்கு விளையாடுவதும் 2013-இல் தடைசெய்யப்பட்டன. ஆகவே ரீயூனியனுக்குச் செல்பவர் நீச்சலுடைக்கு முன்னால் மலையேற்றக் காலணியை எடுத்துவைப்பதே பொருத்தம்.

எரிமலை மண்ணின் வளம் இத்தீவின் மனித வரலாற்றையும் எழுதியிருக்கிறது. மெக்சிகோவைச் சேர்ந்த வனிலாக் கொடி இங்கு நடப்பட்டும், அதன் பூவைச் சூல்கொள்ளச் செய்யும் பூச்சி இல்லாததால் காய்க்காதிருந்தது; 1841-இல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் மெல்லிய குச்சியைக் கொண்டு பூவைக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையைக் கண்டறிந்தான்; உலகின் வனிலாத் தோட்டங்கள் இன்றும் அம்முறையையே பின்பற்றுகின்றன. 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுள் தமிழர் மிகுதி. மலபார் என்று அங்கு அழைக்கப்படும் அவர்தம் வழித்தோன்றல்கள் தமிழைப் பெரும்பாலும் இழந்துவிட்டாலும், தீமிதித் திருவிழாவை இன்றளவும் கைவிடவில்லை.

மொரீசியஸ்: தேய்ந்த மலை, அகன்ற கடற்கழி

ரீயூனியனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடகிழக்கே உள்ள மொரீசியஸ், அதே கதையின் அடுத்த கட்டம். இங்கே எரிமலை அணைந்து நெடுங்காலமாகிவிட்டது. கியூர்பீப் நகரில் மரங்கள் அடர்ந்த வாயாக இருக்கும் ட்ரூ ஓ செர்ஃப், அந்தப் பழைய நெருப்பின் தடயம். தீவின் மிக உயர்ந்த இடமே 828 மீட்டர்தான். தலைநகர் போர்ட் லூயியின் பின்னால் உச்சியில் ஒரு பாறாங்கல்லைத் தாங்கி நிற்கும் பீட்டர் போத் முதலிய கூர்ங்குன்றுகள், ஒருகாலத்தில் தீவு முழுவதையும் மூடியிருந்த மாபெரும் எரிமலையின் எஞ்சிய விளிம்புகள். சமரேலின் பல வண்ண மண்மேடுகளும் இத்தேய்மானத்தின் விளைவே: வெப்பமும் மழையும் பசால்ட்டைக் களிமண்ணாகச் சிதைத்து, கரையக்கூடியவற்றை அடித்துச்சென்ற பிறகு, எஞ்சிய இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் செம்மை முதல் ஊதா வரை நிறம் காட்டுகின்றன.

மலை தேய்ந்த அளவுக்குக் கடற்கரை வளர்ந்திருக்கிறது. பவளம் என்பது சின்னஞ்சிறு உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு கட்டும் கூடு. அவ்வுயிரிகளின் உடலுக்குள் குடியிருக்கும் பாசிகள் சூரியஒளியில் உணவு தயாரித்து அவற்றுக்கு வழங்குவதால், வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழங்குறைந்த நீரில்தான் பவளத்திட்டு வளரும். அணைந்த தீவைச் சுற்றி இத்தகைய சூழல் அமைய, மொரீசியசின் கரையைச் சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவள வேலி ஏறக்குறைய முழுமையாகச் சூழ்ந்துவிட்டது. பெருங்கடலின் அலை வேலியில் மோதி உடைய, உள்ளே கரைவரை படர்ந்திருக்கும் அமைதியான நீர்ப்பரப்பே கடற்கழி. குழந்தைகளோடு செல்லும் குடும்பங்கள் மொரீசியசை விரும்புவதற்குக் காரணம் இதுதான். வேலி அறுபட்ட தென்கரையின் கிரி கிரியில் அலை நேரே பாறைச்சுவரில் வந்து அறைகிறது. அங்கே நின்று பார்த்தால் மற்றக் கரைகளின் அமைதி யாருடைய உழைப்பு என்பது புரிந்துவிடும்.

தென்மேற்கு முனையில் 556 மீட்டர் உயர்ந்து நிற்கும் லெ மோர்ன் மலை, தப்பிய அடிமைகளின் புகலிடமாக இருந்தமைக்காக 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் அருகே வானிலிருந்து பார்ப்போருக்குக் கடலுக்கடியில் அருவி விழுவதுபோலத் தோன்றுவது, ஆழங்குறைந்த மேடையிலிருந்து மணலும் வண்டலும் ஆழ்கடலுக்குச் சரிந்து செல்லும் கோலம் உண்டாக்கும் மயக்கமே. போர்ட் லூயித் துறைமுகத்தின் ஆப்ரவாசி காட், 1834 முதல் இந்தியாவிலிருந்து வந்த ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தக் கூலிகள் காலடி வைத்த இடம். 2006-இல் அதுவும் பாரம்பரியச் சின்னமானது. அக்கூலிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இங்கு வந்திருந்தனர். நாட்டின் பணத்தாள்களில் தமிழ் எழுத்துகள் இருப்பதும், தைப்பூசக் காவடி பொதுவிடுமுறையாக இருப்பதும் தமிழ்ப் பயணியின் கண்ணில் உடனே படும்.

மாலத்தீவு: மலை மறைந்தபின் எஞ்சியது

வெப்பப்புள்ளியை விட்டு விலகிய தட்டு குளிர்ந்து கனத்துத் தாழும்போது, அதன் மேலிருக்கும் எரிமலையும் சேர்ந்து மூழ்குகிறது. பவளமோ ஒளியை நாடி, மூழ்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகிறது. கரையை ஒட்டிய விளிம்புப் பவளத்திட்டு, கரையிலிருந்து விலகிய தடுப்புப் பவளத்திட்டாகி, மலை முற்றும் மறைந்தபின் நடுவில் கடற்கழியை மட்டும் கொண்ட வட்டப் பவளத்திட்டாக முடிகிறது என்னும் இவ்விளக்கத்தை 1842-இல் வெளியிட்டவர் சார்லஸ் டார்வின். அவர் 1836-இல் பீகிள் கப்பலில் மொரீசியசையும் கண்டு சென்றவர். 1952-இல் பசிபிக் பெருங்கடலின் எனிவெடாக் வட்டப் பவளத்திட்டில் சுமார் 1,400 மீட்டர் ஆழம் துளைத்தபோது, சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் எரிமலைப்பாறை தட்டுப்பட்டு அவர் கருத்து உறுதியாயிற்று. மாலத்தீவில் அச்சுண்ணாம்பு 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான தடிமன் கொண்டது. வளையங்களின் இன்றைய வடிவத்தில் இன்னொரு செயலுக்கும் பங்குண்டு: பனியூழிகளில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்தபோது வெளியே தெரிந்த சுண்ணாம்பு மேடைகளை மழைநீர் கரைத்து, நடுப்பகுதியைப் பள்ளமாக்கியது.

இதிலிருந்து வியப்பான ஓர் உண்மை பெறப்படுகிறது. மூன்றில் மிகப் பழைய அடித்தளம் கொண்ட மாலத்தீவில்தான் காலடி மண் மிகப் புதியது. இன்று விடுதிகள் நிற்கும் மணல் திட்டுகள், கடல்மட்டம் ஏறத்தாழ இன்றைய நிலைக்கு வந்தபின், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் சேர்ந்தவை. அம்மணல் பாறை தேய்ந்து வந்ததன்று, உயிரினங்கள் உண்டாக்கியது. பவளத்தின்மீது படர்ந்த பாசியைக் கடித்துண்ணும் கிளிமீன், கூடவே கடிபட்ட சுண்ணாம்பையும் அரைத்து வெண்மணலாகக் கழிக்கிறது. வக்கரு என்ற தீவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, அதன் வெளித்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களிடமிருந்து வருவதாகக் கணித்தது.

வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்நாட்டில் சுமார் 1,200 தீவுகள் இருந்தாலும் மொத்த நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர் அளவே; இயற்கையான மிக உயர்ந்த இடம் 2.4 மீட்டர்தான். முதல் விடுதியான குரும்பா 1972-இல் திறக்கப்பட்டது முதல், குடியில்லாத ஒரு தீவு முழுவதையும் ஒரே விடுதிக்குக் குத்தகைக்கு விடும் முறை வளர்ந்தது. சமயக் கட்டுப்பாடுகளுடன் வாழும் உள்ளூர் முஸ்லிம் சமூகத்தையும் வெளிநாட்டுப் பயணியரையும் அம்முறை தனித்தனியே வைத்தது. 2009 வாக்கில் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் அனுமதிக்கப்பட்டதால், மாஃபுஷி போன்ற ஊர்களில் நடுத்தர வருமானத்தார் தங்க முடிகிறது. அங்கே மதுவுக்கு இடமில்லை, நீச்சலுடைக்கெனத் தனிக்கரை ஒதுக்கப்பட்டிருக்கும். யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகிய பா என்னும் வட்டப் பவளத்திட்டிலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில், தென்மேற்குப் பருவக்காற்று மிதவை உயிரிகளைக் குவிக்கும் மாதங்களில், பெருந்திருக்கைகள் கூட்டமாக வந்து மேய்கின்றன. இதே தடத்தின் வடமுனையாகிய இலட்சத்தீவில் 36 தீவுகளுள் 10-இல் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். நன்னீரும் நிலமும் குறைந்த அங்கே செல்ல இந்தியருக்கும் நுழைவு அனுமதி தேவை.

எந்த மாதம், எந்தக் கரை

பருவத்தை முடிவு செய்வதில் நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவே முதற்காரணம். மாலத்தீவு நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், புயலைச் சுழலச் செய்யும் பூமிச்சுழற்சியின் விசை அங்கு வலுவற்றது, கடும்புயல்கள் அரிது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்தாலும் பெருந்திருக்கைகளைக் காண அதுவே காலம். தென்கோளத்தில் 20 பாகைக்கு அருகே உள்ள மொரீசியசிலும் ரீயூனியனிலும் பருவம் நமக்கு நேரெதிர்: ஜனவரி முதல் மார்ச் வரை புயலும் புழுக்கமும், மே முதல் நவம்பர் வரை வறண்ட இதமான காலம். ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுவதால் இரு தீவுகளிலும் கிழக்குப் பகுதி காற்றும் மழையும் மிகுந்து பசுமையாகவும், மேற்குப் பகுதி வெயிலும் அமைதியான நீரும் கொண்டும் இருக்கும். காற்றுப்பாய் விளையாட்டு நாடுவோர் தவிர மற்றவர் மேற்கில் அறை எடுப்பது நலம்.

பவளம் தாங்கும் நிலம்

மூன்று வயதுகளுக்கும் இடர்கள் ஒன்றல்ல. ரீயூனியனின் கடற்கரை கெட்டாலும் மலை நிற்கும். மொரீசியசுக்குக் கழி கெட்டால் சுற்றுலாவின் பாதி போய்விடும். 2020 ஜூலையில் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளத்திட்டில் தரைதட்டி, பின்னர்ச் சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தபோது, மக்கள் கரும்புத் தோகையையும் துணியையும் கொண்டு மிதவைகள் செய்து கடலைக் காக்க முனைந்தது அந்த அச்சத்தால்தான். மாலத்தீவிலோ பவளம் காட்சிப்பொருள் மட்டுமன்று. மணல் தருவதும், அலையைத் தடுப்பதும், நிலத்தைத் தாங்குவதும் அதுவே. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அளவு கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகிறது. வெப்பம் தணியாவிட்டால் இறந்துவிடுகிறது. 1998-லும் 2016-லும் இப்பெருவெளிறல் மாலத்தீவைத் தாக்கியது.

நன்னீர் இன்னொரு சிக்கல். மணலுக்குள் ஊறும் மழைநீர், கனமான உப்புநீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். ஆகவே தலைநகர் மாலே கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலையை நம்பியிருக்கிறது. 2014 டிசம்பரில் அங்கு தீப்பிடித்தபோது இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் குடிநீர் அனுப்ப வேண்டியிருந்தது. ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் வாழும் நாட்டுக்கு ஆண்டுதோறும் 20 லட்சம் பயணிகள் வரும் இன்றைய நிலையில், விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது, படகின் நங்கூரம் எங்கே இறங்குகிறது, உணவுமேசைக்கு வரும் மீன் எது என்று பயணி கேட்பது வீண் ஆராய்ச்சி ஆகாது. 1997-இல் தொடங்கி மாலேக்கு அருகே மணல் கொட்டி உயர்த்தப்பட்ட ஹுல்ஹுமாலே போன்ற செயற்கைத் தீவுகள் மக்களுக்கு இடம் தரும்; ஆனால் அவற்றால் தாமே மணலை உண்டாக்கிக்கொள்ள முடியாது.

புவியியலின் போக்கில் ரீயூனியன் ஒருநாள் மொரீசியசைப் போலத் தேயும். மொரீசியஸ் மாலத்தீவைப் போல மூழ்கி வட்டப் பவளத்திட்டாகும். அதற்குப் பல லட்சம், பல கோடி ஆண்டுகள் ஆகும் என்பதோடு, மலை மூழ்கும்போது மேலே கட்டிச்செல்லப் பவளம் உயிரோடு இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அந்த நிபந்தனை நிறைவேறுமா என்பதைத் தீர்மானிக்கப்போவது புவித்தட்டுகளின் நிதானமான நகர்வன்று. கடலின் வெப்பத்தை மனிதர் இந்த நூற்றாண்டில் எந்த அளவில் நிறுத்துகிறார்கள் என்பதே.